எதிராளிக்கு ஒரு கட்டம்

திலகாவின் பேனாவுக்குப் பயந்த லோரி ஓட்டுநர்கள் கோலா சிலாங்கூர் வட்டாரத்தில் நிறையப் பேர். செம்பனை எண்ணெய் ஆலையில் பழத்தரம் பார்ப்பது அவள் வேலை. லோரி வந்து குலைகளைக் கொட்டியதும் நூறு குலையைத் தனியே ஒதுக்கி, கையிலிருக்கும் இரும்புக் கொக்கியால் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, காய், அழுகல், காம்பு நீளம் என்று தாளில் கோடு போட்டுக்கொண்டே போவாள். நல்ல குலைக்கு அந்தத் தாளில் கடைசியில் ஒரே ஒரு கட்டம். மற்ற கட்டமெல்லாம் குற்றத்துக்குத்தான். மழை பெய்தது, லோரி சேற்றில் மாட்டிக்கொண்டது, இரண்டு நாள் குலை வெளியில் கிடந்தது என்று எவனாவது இழுத்தால், "இதுல காரணம் எழுத கட்டம் இல்ல தம்பி" என்பாள். பதினெட்டு வருடமாக அதே பதில்தான்.

அவளுடைய கணவன் காளியண்ணனும் பழ லோரி ஓட்டுபவன். ஒருமுறை அவன் கொண்டுவந்த பழத்தில் பதினொரு காய்க்குலையைக் கண்டுபிடித்து அப்படியே எழுதிவிட்டாள். மனிதன் மூன்று நாள் வீட்டில் வாயைத் திறக்கவில்லை. நாலாம் நாள் மீன் குழம்பு அவனைப் பேச வைத்தது. தாளில் மட்டும் பதினொன்று பதினொன்றாகவே இருந்தது.

இப்படிப்பட்ட ஒருத்தியிடம் பெற்ற மகளின் டென்னிஸ் ஆட்டத்துக்குக் கணக்கு எழுதும் தாளைக் கொடுத்தால் என்ன ஆகும்? அதுதான் ஆனது.

நித்தியாவுக்குப் பதினைந்து வயது. பள்ளியில் விளையாட்டாக ராக்கெட்டைத் தொட்டவள், மூன்று வருடத்தில் மாவட்டப் போட்டிகளில் ஆடும் அளவுக்கு வந்துவிட்டாள். ரவாங்கில் சனிக்கிழமைதோறும் நடக்கும் வட்டாரப் பயிற்சிக் குழுவில் எட்டுப் பெண்களுக்குத்தான் இடம். அதில் சேர்ந்தால் நல்ல மைதானம், நல்ல கோச், பெரிய போட்டிகளுக்குப் போக வழி. சேராவிட்டால் வெடிப்பு விழுந்த பள்ளி மைதானம், இரண்டு பழைய பந்து, அவ்வளவுதான். நித்தியா தூக்கத்தில்கூட அந்த எட்டில் ஒருத்தியாக இருந்தாள்.

குழுவின் கோச் சிவானந்தம் கறாரான ஆள். ஜெயித்தாளா தோற்றாளா என்பது மட்டும் அவருக்குப் போதாது. தேர்வுக்கான மூன்று ஆட்டத்திலும் ஒவ்வொரு புள்ளியும் எப்படி வந்தது, எப்படிப் போனது என்று எழுதிய தாள் வேண்டும். அதை யார் எழுதுவது? பெற்றோர்தான். அதற்காக அவர்களை உட்கார வைத்து அரை மணி நேரம் பாடம் எடுத்தார்.

முதலில் புள்ளிக் கணக்கு. பூஜ்யத்துக்கு லவ் என்று பெயர். ஒரு புள்ளி எடுத்தால் பதினைந்து, இரண்டுக்கு முப்பது, மூன்றுக்கு நாற்பது. இருவரும் நாற்பதில் நின்றால் டியூஸ். அதன்பிறகு அடுத்தடுத்து இரண்டு எடுப்பவளுக்கு அந்த கேம்.

"பதினஞ்சு, முப்பது, அப்பறம் நாப்பத்தஞ்சுதானே வரணும்? அந்த அஞ்சை எவன் முழுங்குனான்?" என்று காளியண்ணன் பின் வரிசையிலிருந்து கேட்டான்.

"அது எப்பவோ நடந்துபோன திருட்டுண்ணே, இனிமே பிடிக்க முடியாது" என்றார் சிவானந்தம்.

"சைபருக்கு லவ்வுன்னு பேர் வச்சவன் கல்யாணம் ஆனவனாத்தான் இருப்பான்" என்று காளியண்ணன் முணுமுணுத்தான். திலகா முழங்கையால் ஒரு இடி கொடுத்தாள்.

பிறகு தாளின் கட்டங்கள். எதிராளி அடித்த பந்து நம் ராக்கெட்டில் படாமலே போய்விட்டால் அது அவளுடைய வின்னர். சர்வ் போடும்போது இரண்டு முறையும் தவறினால் டபுள் ஃபால்ட். சாதாரணமாக வந்த பந்தை நாமே வலையிலோ கோட்டுக்கு வெளியிலோ அடித்தால் அன்ஃபோர்ஸ்டு எரர், சொந்தத் தவறு. எதிராளி நம்மை ஓடவிட்டு, வேகமாக, ஆழமாக அடித்து, நாம் எட்டிப் பிடித்தும் பந்து வெளியே போனால் அது ஃபோர்ஸ்டு எரர், அவள் நம்மைச் செய்யவைத்த தவறு.

திலகா எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். கடைசிக் கட்டத்தைக் கேட்டதும் மட்டும் உதட்டைச் சுழித்தாள். மழை, சேற்றில் மாட்டிய லோரி, இரண்டு நாள் வெளியில் கிடந்த குலை எல்லாம் அவள் கண்முன் வந்து நின்றன. இது சாக்குப்போக்கு எழுதும் கட்டம் என்று முடிவு கட்டிவிட்டாள். ராக்கெட்டில் பந்து பட்டுவிட்டதா? பட்ட பிறகு அது சரியாகப் போகவில்லையா? அப்படியென்றால் தவறு அடித்தவளுடையது. மற்றவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சலுகை காட்டட்டும், தன் தாள் சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைத்தாள்.

கோலா சிலாங்கூரில் ஞாயிற்றுக்கிழமை நடந்த மூன்றாவது ஆட்டத்தில் நித்தியாவை எதிர்த்து ஆடியவள் வெய் லிங் என்ற ரவாங் பெண். பந்தை மூலைக்கு மூலை விரட்டுகிறவள். நித்தியா ஓடினாள், சறுக்கினாள், எட்டிப் பிடித்தாள். ஒவ்வொரு புள்ளி போகும்போதும் வேலிக்கு வெளியே உட்கார்ந்திருந்த அம்மாவை ஒருமுறை பார்த்தாள். அம்மாவின் பேனா தாளில் இறங்கும். மகளின் முகம் ஒரு சுற்று சிறுக்கும். நாலுக்கு ஆறு, ஐந்துக்கு ஏழு என்று இரண்டு செட்டும் கைவிட்டுப் போயின.

புதன்கிழமை மாலை சிவானந்தம் போன் செய்தார். திலகா ஸ்பீக்கரில் போட்டாள்.

"மத்த ரெண்டு ஆட்டம் பரவால்ல திலகாம்மா. ஆனா இந்த ஆட்டம்தான் பெரிய ஆட்டம். இதுல சொந்தத் தவறு மட்டும் அறுபது. இத்தனை தப்பு பண்ற பிள்ளைய எப்படிச் சேர்க்கிறது? ஒரு இடம்தான் பாக்கி. துளசின்னு ஒரு பிள்ளை இருக்கு, கலும்பாங்ல இருந்து வருது. அதுக்குத்தான் கொடுக்கலாம்னு இருக்கேன். சனிக்கிழமை மத்தியானம் லிஸ்ட் போடணும்."

போன் அணைந்த பிறகு நித்தியா கையை நீட்டினாள். "அந்தத் தாளைக் கொடுங்கம்மா."

அதுவரை அவள் அதைப் பார்த்ததில்லை. திலகா நகலை எடுத்துக் கொடுத்தாள். எதிராளியின் வின்னர் ஒன்பது. டபுள் ஃபால்ட் ஐந்து. சொந்தத் தவறு அறுபது. செய்யவைத்த தவறு என்ற கட்டத்தில் ஒரு கோடுகூட இல்லை. நித்தியா வெகு நேரம் பார்த்தாள். அழுவாள் என்று திலகா எதிர்பார்த்தாள். அவள் அழவில்லை.

"வெய் லிங் அன்னிக்கு ஆடவே இல்லையாம்மா?" என்று கேட்டாள். "இந்தத் தாளைப் பார்த்தா நான் தனியா நின்னு தோத்த மாதிரி இருக்கு."

சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அடித்துச் சாத்தியிருந்தால்கூட திலகாவுக்குப் பதில் சொல்ல வாய் வந்திருக்கும். மெதுவாகச் சாத்தினாள். அதுதான் திலகாவை என்னவோ செய்தது.

காளியண்ணன் பால் சேர்க்காத தே ஓ கலக்கிக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். "நம்ம போன்ல ஆட்டம் பூரா இருக்கு. கலும்பாங்ல இருக்கிற என் தம்பிக்கு அனுப்பலாம்னு வேலியில கட்டி வச்சு எடுத்தேன். வேணும்னா பாரு" என்றான். பதினொரு காய்க்குலையை அவன் மறந்துவிடவில்லை, ஆனால் சொல்லிக்காட்டவும் இல்லை. நல்ல மனிதன்தான்.

மறுநாள் மூன்று மணிக்கு ஷிப்டு முடிந்து வந்ததும் திலகா குளித்துவிட்டு, புதுத் தாளோடு மேசையில் உட்கார்ந்தாள். போனை ஜாடியில் சாய்த்து வைத்தாள். முதல் கேம், இரண்டாம் புள்ளி. நித்தியா அடித்த பந்து வலையில் விழுந்தது. சொந்தத் தவறு என்று அன்று எழுதியிருந்தாள். நிறுத்தினாள். பின்னுக்கு ஓட்டினாள். இந்த முறை மகளைப் பார்க்கவில்லை, வலைக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்ணைப் பார்த்தாள். வெய் லிங் முதலில் பந்தை வலது கோடிக்கு அனுப்புகிறாள். நித்தியா ஓடி எடுக்கிறாள். வெய் லிங் நிதானமாக அதை இடது கோடிக்குத் திருப்புகிறாள். நித்தியா கோட்டுக்கு வெளியே கால் வைத்து, உடம்பு முழுவதும் சாய்ந்து, ராக்கெட் நுனியால் தொடுகிறாள். பந்து வலையில் விழுகிறது.

திலகாவுக்குச் சுருக்கென்றது. அந்தப் பந்தைத் தொட்டதே பெரிய காரியம். ஓடாமல் நின்றிருந்தால் அது வெய் லிங்கின் வின்னர் என்று எழுதப்பட்டு, நித்தியாவின் பெயரில் குற்றமே ஏறியிருக்காது. ஓடினதற்குத்தான் அவள் மகளுக்குத் தண்டனை எழுதியிருக்கிறாள்.

மகள் தோற்ற எழுபத்து நாலு புள்ளிகளை அவள் அப்படி ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். சும்மா விட்டுக்கொடுக்கவும் இல்லை. இரண்டாவது செட்டில் நடு மைதானத்தில் தொங்கிக்கொண்டு வந்த ஒரு பந்தை நித்தியா வெளியே அடித்திருந்தாள். வெயில் கண்ணில் பட்டிருக்குமோ என்று தாய் மனசு ஒரு நொடி இழுத்தது. மூன்று முறை ஓட்டிப் பார்த்தாள். வெயில் அந்தப் பக்கம் இல்லை. சொந்தத் தவறு என்றே எழுதினாள். முடிவில் கூட்டியபோது வின்னரும் டபுள் ஃபால்ட்டும் மாறவில்லை. அறுபது மட்டும் இரண்டாக உடைந்திருந்தது. சொந்தத் தவறு இருபத்திரண்டு, வெய் லிங் செய்யவைத்தது முப்பத்தெட்டு.

திலகா தலையில் கை வைத்துக்கொண்டாள். வெட்கமாக இருந்தது. அவள் எழுதியதில் பொய் எதுவும் இல்லை, ஆனாலும் அது உண்மையாக இல்லை. இந்தத் தாளில்தான் என்றில்லை. பரீட்சையில் குறைந்த மார்க்கு, உடைந்த கண்ணாடி டம்ளர், தாமதமாக வந்த பள்ளி பஸ் என்று எல்லாவற்றையும் அந்தப் பிள்ளையின் பெயரிலேயே எழுதி வந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் மூவரும் ரவாங் மைதானத்தில் இருந்தார்கள். சிவானந்தம் புதுத் தாளை வாங்கிப் பார்த்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார், திருப்பிக் கொடுத்தார்.

"திலகாம்மா, கோவிச்சுக்காதீங்க. இடம் இல்லன்னு சொன்னப்பறம் அறுபது இருபத்திரண்டா மாறி வந்தா நான் எப்படி நம்புறது? நாளைக்கு எல்லா அம்மாவும் புதுத் தாளோட வந்து நிப்பாங்களே."

நியாயமான கேள்வி. அந்த இடத்தில் தான் இருந்திருந்தால் இதைவிடக் கடுமையாகப் பேசியிருப்பாள் என்று திலகாவுக்குத் தெரியும். ஆலையில் எஸ்டேட்காரர்கள் இவள் தாளை ஒப்புக்கொள்ளாமல் சண்டைக்கு வந்தால் என்ன செய்வார்கள் என்று யோசித்தாள்.

"சார், எங்க மில்லுல ஒரு பழக்கம் இருக்கு" என்றாள். "கிரேடு தப்புன்னு யாராச்சும் சொன்னா, ரெண்டு பேரு ஒரே குவியலைப் பார்ப்போம். ஆளுக்கு ஒரு தாளு. ஒருத்தர் எழுதுறதை ஒருத்தர் பார்க்கக் கூடாது. கடைசியில வச்சுப் பார்ப்போம். இங்கயும் அப்படிப் பண்ணுவோம். என் பொண்ணு ஆட்டம் வேணாம். வேற யாரு ஆட்டமாச்சும் கொடுங்க. நீங்களும் எழுதுங்க, நானும் எழுதுறேன். என் கண்ணு சரியில்லன்னா இந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுட்டு நாங்க போயிர்றோம்."

சிவானந்தம் அவளை ஒரு மாதிரி பார்த்தார். மைதானத்தைத் திரும்பிப் பார்த்தார். அங்கே ஒரு செட் தொடங்கவிருந்தது. பந்தைத் தட்டிக்கொண்டு நின்றவள் துளசி.

"சரி. துளசி தோக்குற புள்ளியெல்லாம் எழுதுங்க" என்றார்.

காளியண்ணன் மனைவியைப் பார்த்தான். நித்தியா தரையைப் பார்த்தாள். துளசியின் சொந்தத் தவறு கூடக்கூட நித்தியாவுக்கு லாபம் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்ததுதான். வேலியின் இந்த மூலையில் அவரும் அந்த மூலையில் திலகாவுமாக உட்கார்ந்தார்கள்.

துளசி ஒல்லியான பெண், பாய்ந்து பாய்ந்து ஆடினாள். திலகா வலைக்கு இரண்டு பக்கமும் பார்த்தாள். ஓரிடத்தில் பேனா தயங்கியது. துளசி அடித்த பந்து அகலமாக வெளியே போனது, பார்த்தவர்களுக்கு அது சுலபமான பந்தாகத்தான் தெரியும். திலகா தயங்கியது அரை நொடிதான். எழுதிவிட்டு அடுத்த பந்துக்குக் காத்திருந்தாள்.

செட் முடிந்ததும் இரண்டு தாளையும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். துளசி தோற்ற புள்ளி இருபத்து நாலு. கோச்சின் தாளில் சொந்தத் தவறு பத்து. திலகாவின் தாளில் ஒன்பது. ஒவ்வொரு புள்ளியாக ஒப்பிட்டபோது மூன்றே மூன்றில்தான் வித்தியாசம். அதிலும் இரண்டில் திலகா துளசிக்குச் சாதகமாக எழுதியிருந்தாள்.

"இது ஈஸி பந்துதானே?" என்று சிவானந்தம் அந்த அகலமான பந்தைச் சுட்டினார்.

"பந்து ஈஸிதான் சார். ஆனா அதுக்கு முந்துன பந்துல அந்தப் பிள்ளைய கம்பி வேலி வரைக்கும் ஓட விட்டாங்க. திரும்பி வந்து நிக்கவே இல்ல, அதுக்குள்ள இது வந்துருச்சு. நின்ன காலோட அடிக்கல, ஓடுற காலோட அடிச்சுச்சு."

சிவானந்தம் கொஞ்ச நேரம் கண்ணை மூடி அந்தப் புள்ளியை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். பிறகு தன் தாளை அடித்துத் திருத்தினார். "இது உங்க பொண்ணுக்கு நட்டம்னு தெரியுமுல்ல?"

"பழம் யாருதுன்னு பார்த்தா கிரேடு போட முடியாது சார்."

"அது நெசம்தான் கோச்" என்றான் காளியண்ணன். "என் லோரிக்கே பதினொண்ணு எழுதுனவ."

சிவானந்தம் சிரித்துவிட்டார். வெய் லிங் ஆட்டத்தை போனில் போடச் சொல்லி, அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆறு புள்ளிகளைத் தாளோடு ஒத்துப் பார்த்தார். ஆறும் சரியாக இருந்தன. ஆனாலும் இடம் ஒன்றுதான். இப்போது இரண்டு பேரின் கணக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி நின்றது. துளசிக்கு ஒரு மணி நேரம் ஓய்வு கொடுத்து, இரண்டு பெண்களும் பத்துப் புள்ளி டைபிரேக் ஆடட்டும் என்றார். முதலில் பத்து எடுப்பவளுக்கு இடம், ஆனால் இரண்டு புள்ளியாவது வித்தியாசம் இருக்க வேண்டும்.

"நீங்க எழுதுறீங்களா?" என்று தாளை நீட்டினார்.

"வேணாம் சார்" என்றாள் திலகா. "இதை நான் பார்க்கணும்."

வெறுங்கையோடு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கை என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தது. மூன்றுக்கு மூன்று, ஆறுக்கு ஐந்து, எட்டுக்கு எட்டு என்று இழுத்துக்கொண்டே போனது. காளியண்ணன் எண்ணுவதை விட்டுவிட்டு முருகனைக் கூப்பிட ஆரம்பித்திருந்தான்.

எட்டுக்கு எட்டில் துளசி அருமையாக ஒரு பந்தை அடித்தாள். கோட்டை உரசிக்கொண்டு மூலைக்குப் போன பந்து. நித்தியா பாய்ந்து தொட்டாள். பந்து வலையில் மோதி இந்தப் பக்கமே விழுந்தது. எட்டுக்கு ஒன்பது. இன்னும் ஒன்று போனால் எல்லாம் போயிற்று.

நித்தியா பழக்கப்படி அம்மாவைப் பார்த்தாள். பேனா இறங்குவதைப் பார்க்கத் தயாராக இருந்த முகம் அது. பேனா இல்லை. திலகா கை தட்டிக்கொண்டிருந்தாள், துளசிக்காக.

"அந்தப் பிள்ள நல்லா அடிச்சுச்சு" என்றாள், மகளுக்குக் கேட்கும்படி. "நீயும் நல்லாத்தான் ஓடுன."

நித்தியா ஒரு கணம் நின்றாள். பிறகு இறுகியிருந்த அவள் தோள் இரண்டும் தளர்ந்தன. துளசியைப் பார்த்துத் தன் ராக்கெட்டை உள்ளங்கையில் தட்டிப் பாராட்டிவிட்டு, பந்தை எடுத்துக்கொண்டு கோட்டுக்குப் போனாள். அதன்பிறகு அவள் வேலிப்பக்கம் திரும்பவே இல்லை. ஒன்பதுக்கு ஒன்பது. பத்துக்கு ஒன்பது. கடைசிப் புள்ளியில் நித்தியா துளசியை ஒரு கோடிக்கு இழுத்து, மறு கோடிக்கு விரட்டி, மறுபடி இழுத்தாள். துளசி எட்டிப் பிடித்த பந்து நீளமாக வெளியே விழுந்தது.

சிவானந்தம் பட்டியலில் எட்டாவது பெயரை எழுதினார். துளசியைத் தனியே கூப்பிட்டு, முதல் மாற்று ஆட்டக்காரி அவள்தான், சனிக்கிழமைகளில் வந்து பந்து அடிக்கலாம் என்றார். திலகாவும் அந்தப் பெண்ணிடம் போனாள். கடைசிப் பந்து அவள் தவறு இல்லை என்று சொன்னாள். துளசி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "தெரியும் ஆண்ட்டி, உங்க பொண்ணு ஓடவிட்டுட்டா" என்றாள். அழுகையோடு கொஞ்சம் சிரித்தாள்.

திரும்பும்போது காளியண்ணன் கார் ஓட்டினான். கோலா சிலாங்கூர் சாலையின் இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள். பின் சீட்டிலிருந்த நித்தியா கையை நீட்டி, "அந்தப் புதுத் தாளைக் கொடுங்கம்மா" என்றாள்.

திலகா கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லாமல் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் தாளைப் பிரிக்கும் சத்தம் கேட்டது.

"இருபத்திரண்டு சொந்தத் தப்பா?" என்று நித்தியா கடைசியில் கேட்டாள்.

"ஆமா. அதை நான் குறைக்க முடியாது. பார்த்துட்டேன்."

"இருக்கட்டும். குறைச்சுக்கிறேன்." தாளை மடித்து ராக்கெட் பையில் வைத்துக்கொண்டு, முன் சீட்டின் மேல் கையைப் போட்டு அம்மாவின் தோளில் முகத்தைச் சாய்த்தாள். "இப்பதான்மா ரெண்டு பேரு ஆடுன மாதிரி இருக்கு."